விருந்தாளிகள் கிளம்பிய பிறகு

ஒரு மூக்குக்கண்ணாடிக்காகத்தான் அன்று அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனேன். ஒரு மலைக்கிராமத்தில், அங்குள்ளவர்களின் வீட்டிலேயே 14 பேருக்கு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தேன். எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டு, படம் எடுத்து, கைகூப்பி விடைபெற்று வேனில் ஏறினோம். கொஞ்ச தூரம் வந்ததும் ஒருவர், கண்ணாடியைத் திண்ணையில் வைத்துவிட்டேன் என்றார். நான் மட்டும் இறங்கி நடந்தேன்.

சமையலறை வாசலில் போய் நின்றேன். கால் மணி நேரத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒன்பது வகை பரிமாறிய அந்த அம்மா, பாக்கெட் நூடுல்ஸைக் கொதிக்கவைத்துத் தன் பிள்ளைகள் இருவருக்கும் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். சட்டிகள் எல்லாம் வழித்துக் கவிழ்த்துக் கிடந்தன. "உங்க ஆளுங்க நல்லாச் சாப்பிட்டாங்க. கொஞ்சங்கூட மிச்சமில்ல" என்று முகம் மலரச் சொன்னார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். எனக்குத்தான் அந்த வாசலைத் தாண்டி உள்ளே கால் வைக்க முடியவில்லை.

உணவையும் பண்பாட்டையும் மையமாக வைத்துச் சிறு குழுக்களை அழைத்துப் போகும் வேலையில் அது எனக்கு மூன்றாவது ஆண்டு. 'பாரம்பரியச் சாப்பாட்டை அதன் மண்ணிலேயே சாப்பிடுங்கள்' என்று சொல்லித்தான் ஆட்களைச் சேர்த்தேன். அந்தச் சாப்பாடு வந்தவர்களின் வயிற்றுக்குப் போயிற்று. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு பாக்கெட். அன்றிலிருந்து ஒரு பயணம் நன்றாக நடந்ததா என்று என்னிடம் யாராவது கேட்டால், வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இரண்டாவதாகத்தான் யோசிக்கிறேன். அவர்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் என்ன மிஞ்சியது என்பதுதான் முதலில் மனதில் வருகிறது.

முதலில் செய்த மாற்றம் மிகச் சிறியது. வீட்டாருக்கு எடுத்துவைத்த பிறகுதான் எங்களுக்கு. அல்லது எங்களோடு சேர்ந்தே உட்கார வேண்டும். பணம் பேசும்போதே வீட்டு ஆட்களையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வேன்: 8 விருந்தாளிகள், 5 வீட்டார் என்றால் 13 பேருக்கான சமையல், 13 பேருக்கான கூலி. முதல் தடவை சொன்னபோது அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வந்தவர்களோடு உட்கார்ந்தால் யார் பரிமாறுவது என்றார். எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிடுங்கள், வேண்டியதை அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள் என்றேன். அப்படி உட்கார்ந்த பிறகுதான் பேச்சே தொடங்கியது. அதுவரை அவர் அடுப்புக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார், நான் அவருடைய சமையலைப் பற்றி அவர் முன்னாலேயே விளக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்து பணம். இதில் நான் தாமதமாகத்தான் கண் விழித்தேன். ஒரு நாள் இரவு நோட்டை எடுத்துவைத்து, ஒரு ஆள் கட்டிய தொகை எங்கெங்கே போகிறது என்று வரிவரியாக எழுதினேன். வேன் பக்கத்து நகரத்து முதலாளியுடையது. டீசல் அங்கே நிரப்பியது. தண்ணீர் பாட்டில், எண்ணெய், மாவு எல்லாம் நகரத்து மொத்தக்கடையிலிருந்து. முன்பதிவுத் தளத்துக்கு ஒரு பங்கு கமிஷன். வழிகாட்டியும் வெளியூர்க்காரர். கடைசியில் கிராமத்தில் தங்கிய பங்கை வட்டம் போட்டுப் பார்த்தபோது எனக்கு வந்ததைவிட அது குறைவாக இருந்தது. சுற்றுலாப் பொருளாதாரத்தில் இதைக் 'கசிவு' என்பார்கள்: பயணி செலவழிக்கும் பணம் அந்த ஊரில் ஒரு சுற்றுகூடச் சுழலாமல் வெளியே ஒழுகிவிடுவது. பெரிய தீவு விடுதிகளின் பிரச்சினை என்று நான் நினைத்திருந்த ஒன்று, என் நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் இந்தக் கணக்கை ஒருமுறையாவது எழுதிப் பார்க்க வேண்டும். எழுதினால்தான் எந்தக் கண்ணி கையில் இருக்கிறது என்று தெரியும். கமிஷனை என்னால் ஒழிக்க முடியவில்லை. டீசலையும்தான். ஆனால் தானியம், காய்கறி, பால், விறகு எல்லாம் அந்தக் கிராமத்திலிருந்தே வர வேண்டும் என்று முடிவெடுத்தபோது கிராமத்தில் தங்கும் பங்கு கண்கூடாக ஏறியது. வழிகாட்டி வேலையை ஊர்ப் பெண் ஒருவர் எடுத்துக்கொண்டார். எங்கள் மொழியில் தடுமாறினார். ஆனால் எந்த வீட்டு வாசலில் நிற்கலாம், எந்த வீட்டில் துக்கம், எந்தக் கிணற்றில் கை வைக்கக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அதுவரை அழைத்து வந்த வழிகாட்டி யாருக்கும் அது தெரியாது.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் வீட்டுத் தலைவரிடம் கொடுத்தேன், அதுதான் மரியாதை என்று நினைத்து. நான்கு மணிக்கு எழுந்து சமைத்தவர் அவருடைய மனைவி, ஒத்தாசைக்கு வந்தது பக்கத்து வீட்டுப் பெண். இருவர் கைக்கும் ஒன்றும் வரவில்லை என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது சமைத்தவர்களின் பெயர், நேரம், தொகை மூன்றும் ஒரு தாளில் எழுதி, அன்றைக்கே, அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். சில வீடுகளில் இது கசப்பை உண்டாக்கியது. ஒரு வீடு விலகிக்கொண்டது. அதற்காக நான் பழைய முறைக்குத் திரும்பவில்லை.

குழு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று என்னைக் கேட்பவர்களிடம், அந்த வீட்டில் எத்தனை தட்டு இருக்கிறது என்று பாருங்கள் என்பேன். வாடகைக்குத் தட்டு எடுக்க வேண்டிவந்தால் அது வீட்டுச் சாப்பாடு இல்லை, கேட்டரிங். 14 என்பதை 8 ஆகக் குறைத்தேன். வருமானம் குறைந்தது உண்மை. ஆள் ஒன்றுக்குக் கட்டணத்தை ஏற்றி, நாட்களை ஒன்றிரண்டு கூட்டி அதை ஓரளவு சரிக்கட்டினேன். ஒரு நாளில் ஐந்து ஊர் என்பதற்குப் பதிலாக ஒரு ஊரில் மூன்று நாள். மூன்று நாள் தங்குகிறவர் மூன்று வேளை சாப்பிடுகிறார், தையல்காரரிடம் பை தைக்கக் கொடுக்கிறார், தேநீர்க்கடைக்காரருக்கு அவர் முகம் பழகிப்போகிறது. ஒரு மணி நேரம் வந்து போகிறவர் குப்பையைத்தான் விட்டுப்போகிறார்.

சந்தைகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். உணவுச் சுற்றுலா என்றாலே முதலில் காட்டுவது ஊர்ச் சந்தையைத்தான். அங்கே 20 பேர் ஒரு மீன்கடையை மறித்துக்கொண்டு நின்று படம் எடுத்தால், அன்றாடம் மீன் வாங்குகிற அம்மா அடுத்த கடைக்குப் போக மாட்டார், அடுத்த வாரத்திலிருந்து சந்தைக்கே வர மாட்டார். பார்சிலோனாவின் போக்கேரியா சந்தையில் இதுதான் நடந்தது. 2015ல் அந்த நகராட்சி, கூட்டம் மிகுந்த வெள்ளி, சனிக்கிழமைகளில் காலையிலிருந்து பிற்பகல் வரை பெரிய சுற்றுலாக் குழுக்கள் உள்ளே வரத் தடை போட்டது. கியோட்டோவின் நிஷிக்கி சந்தையில் நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம் என்று பலகை வைத்துக் கேட்டுக்கொண்டார்கள். பிளாரன்ஸில் 2018ல் சாப்பாட்டு நேரங்களில் சில தெருக்களின் நடைபாதையிலும் வாசற்படிகளிலும் உட்கார்ந்து சாப்பிட அபராதம் விதித்தார்கள். மூன்றையும் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: தடை வந்த நாளைக்குப் பல வருடம் முன்பே அந்த ஊர்க்காரர்கள் முகம் சுளிக்கத் தொடங்கியிருப்பார்கள், அதை யாரோ பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

அதனால் சந்தைக்கு நான் வைத்திருக்கும் முறை இது. விடிகாலை வியாபாரம் ஓய்ந்த பிறகு போவோம். இருவர் இருவராகப் பிரிந்து நடப்போம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துணிப்பை, அன்று இரவு சமையலுக்கு என்ன வேண்டும் என்ற சிறு பட்டியல். வாங்கிய பிறகுதான் கேமரா, அதுவும் கேட்டுவிட்டு. வியாபாரிகள் எங்களை வாடிக்கையாளர்களாக நடத்தத் தொடங்கியது இந்தத் துணிப்பை வந்த பிறகுதான்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அது ருசி.

அந்த அம்மாவின் மாமியார் செய்யும் ஒரு புளிப்புக் குழம்பு உண்டு. முதல் வருடம் அதைச் சாப்பிட்டபோது எனக்கே கண்ணில் நீர் வந்தது. அவ்வளவு காரம், அவ்வளவு புளிப்பு, பின்னால் ஒரு கசப்பு. விருந்தாளிகளில் பாதிப்பேர் ஒதுக்கிவைத்தார்கள். அடுத்த முறை போனபோது காரம் பாதியாகியிருந்தது. அதற்கடுத்த முறை கசப்பு போய், கொஞ்சம் இனிப்பு சேர்ந்திருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். நான்கு வருடம் கழித்துப் பாட்டி இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போனவன் சாப்பிடும்போது கவனித்தேன், வீட்டாருக்கென்று சமைத்த குழம்பும் அந்த இனிப்புக் குழம்பாகவே இருந்தது. மருமகளிடம் பழைய பக்குவத்தைக் கேட்டேன். "அதை அத்தைதான் கண்ணளவு பார்த்துப் போடுவாங்க. வர்றவங்களுக்குச் செய்யுற அளவுதான் எனக்குக் கை பழகிப்போச்சு" என்றார். அந்தக் கசப்பு எந்த இலையிலிருந்து வந்தது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, நான் ஒருநாளும் கேட்கவில்லை.

இந்த இழப்பில் என் பங்கு இருக்கிறது. நான் யாரையும் காரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் மிஞ்சிய தட்டு சொல்லிவிட்டது. சமைப்பவருக்கு மிஞ்சிய தட்டைவிடச் சத்தமான பேச்சு வேறு இல்லை.

யுனெஸ்கோவின் அருவமான பண்பாட்டு மரபுகளுக்கான உடன்படிக்கை 2003ல் உருவானது. சமையல் சார்ந்து அதன் பட்டியலில் இடம்பெற்றவற்றைக் கவனித்தால் ஒரு நுட்பம் புரியும். 2010ல் பிரான்சிலிருந்து சேர்க்கப்பட்டது எந்தப் பதார்த்தமும் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் விசேஷ நாட்களில் கூடி உண்ணும் வழக்கம். அதே ஆண்டு மெக்சிகோவின் மரபுச் சமையல் சேர்ந்தபோது, மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துப் பதப்படுத்தும் முறை, பல பயிர்களைக் கலந்து விதைக்கும் வயல்முறை, மிச்சோகான் மாநிலத்துச் சமையற்காரப் பெண்களின் குழுக்கள் எல்லாம் அதற்குள் அடங்கின. 2017ல் நேப்பிள்ஸிலிருந்து பட்டியலுக்குப் போனது பீட்சா அல்ல, பீட்சா செய்பவரின் கைத்திறன். 2020ல் சிங்கப்பூரின் ஹாக்கர் பண்பாடு, அதாவது சிறு உணவுக்கடைகளின் பண்பாடு, சமூகமாகக் கூடி உண்ணும் இடமாக. காக்க வேண்டியது கையும் கூட்டமும்தான் என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. நாங்களோ தட்டைப் படம் எடுத்துக்கொண்டு, கையைத் தவறவிட்டோம்.

பாட்டிக்குப் பிறகு இரண்டு விஷயங்களை வழக்கமாக்கினேன். பயணத்துக்கு முன்பே விருந்தாளிகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு போகும்: இங்கே சாப்பாடு இந்த வீட்டு ருசியில் இருக்கும், காரமோ கசப்போ பிடிக்காவிட்டால் குறைவாகப் போட்டுக்கொள்ளுங்கள், மாற்றித் தரச் சொல்லாதீர்கள்; ஒவ்வாமை இருந்தால் மட்டும் இப்போதே எழுதுங்கள். பக்கத்தில் சாதாரண சோறோ ரொட்டியோ எப்போதும் இருக்கும், யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஒவ்வொரு பருவத்திலும் கிராமத்தின் மூத்த பெண்களோடு ஊர் இளசுகள் உட்கார்ந்து சமைக்கும் இரண்டு நாட்கள். அந்த நாட்களில் விருந்தாளிக்கு இடமில்லை. என் வருமானத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அளவுகளை எழுதி வாங்குவதை ஊர்க்காரர்கள் விரும்பவில்லை. எழுதினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. அதனால் எழுதாமல், கூட இருந்து கற்பதாகவே வைத்துக்கொண்டோம்.

பருவத்தைப் பற்றியும் ஒன்று. 'அந்தக் காட்டுக்கீரை எங்கே?' என்று படத்தைக் காட்டிக் கேட்கும் விருந்தாளிக்காக, மழை தொடங்குமுன்பே முளையைக் கிள்ளிக்கொண்டு வந்த சிறுவனை நான் பார்த்திருக்கிறேன். மெக்சிகோவின் வஹாக்காவில் மெஸ்கால் என்ற மதுவுக்கு உலகப் புகழ் வந்தபோது இதே கதை பெரிய அளவில் நடந்தது. மெஸ்கால் வடிக்கப்படும் அகேவ் செடி முதிரப் பல ஆண்டுகள் ஆகும்; சில காட்டு வகைகளுக்கு 20 ஆண்டுகளுக்கு மேலும். வாழ்நாளில் ஒரே முறை பூக்கும் செடி, சர்க்கரைச் சத்துக்காகப் பூக்குமுன்பே வெட்டப்படுகிறது. பூ இல்லாவிட்டால் விதை குறையும், அந்தப் பூத்தேனை நம்பியிருக்கும் வௌவாலுக்கும் இரை குறையும். கேட்கும் வாய் பெருகிய வேகத்துக்குச் செடி வளர முடியாது. அதனால்தான் எங்கள் சாப்பாட்டுப் பட்டியலில் பதார்த்தங்களின் பெயரே இருப்பதில்லை. 'அந்த வாரம் விளைந்தது' என்று மட்டும் போடுகிறோம். அந்தக் கீரைக்காகவே வருகிற ஒருவர் ஏமாந்துபோகலாம். போகட்டும், மழைக்குப் பிறகு வரச் சொல்கிறேன்.

தண்ணீரும் மிச்சச் சாப்பாடும் கடைசியில் பார்க்கிற விஷயமாக இருந்தன, தவறுதான். ஒன்பது வகை சமைத்தால் எத்தனை பாத்திரம், அதைத் தேய்க்க எத்தனை குடம் என்று ஒரு கோடைகாலத்தில் குடத்தை எண்ணிப் பார்த்த பிறகு நான்கு வகையாகக் குறைக்கச் சொன்னேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022ல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 28 சதவீதம் உணவகம், விடுதி போன்ற உணவுச் சேவை இடங்களிலிருந்து. விருந்தாளிக்கு நிறைய வைப்பதுதான் மரியாதை என்ற எண்ணத்தை வீட்டாரிடமிருந்து மாற்றுவது கடினம். நான் விருந்தாளிகளிடம்தான் பேசினேன்: முதல் சுற்றில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு இரண்டாவது சுற்றுக்குக் கேளுங்கள், கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் சமைத்தவருக்கு அதைவிட மரியாதை இல்லை என்று.

வீட்டு வாடகை, நிலவிலை பக்கம் நான் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதையும் மறைக்கக்கூடாது. எங்கள் பயணங்களுக்குப் பெயர் வந்த பிறகு அந்தக் கிராமத்தில் இரண்டு பழைய வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கித் தங்கும் விடுதி ஆக்கினார்கள். பள்ளிக்கூட ஆசிரியை குடியிருந்த வீடு அதில் ஒன்று. அவர் இப்போது கீழே நகரத்திலிருந்து பேருந்தில் வந்துபோகிறார். வெனிஸின் பழைய நகரத் தீவுகளில் 1951ல் ஏறக்குறைய 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022ல் அது 50,000க்குக் கீழே இறங்கியது. 2024ல் பகல்நேரப் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். பார்சிலோனா, சுற்றுலாக் குடியிருப்புகளாக உரிமம் பெற்ற சுமார் 10,000 வீடுகளின் உரிமத்தை 2028க்குள் முடித்துக்கொள்வதாக அறிவித்திருக்கிறது. அவ்வளவு பெரிய நகரங்களே இப்போதுதான் விழிக்கின்றன. ஒரு கிராமத்துக்கு ஓர் ஆசிரியை இடம்பெயர்வதே போதுமான எச்சரிக்கை. இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்வேன்: தங்கும் வீடு எத்தனை, அதை யார் நடத்தலாம் என்பதை முதல் குழு வருவதற்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் பேசி எழுதி வைத்துவிடுங்கள். பெயர் பரவிய பிறகு பேசினால் ஊர் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்திருக்கும். நாங்கள் பிந்திப்போனோம்.

ஊர்க்காரர்களின் மனநிலை எப்படி மாறும் என்று 1975ல் டாக்ஸி என்ற ஆய்வாளர் நான்கு படிகளாகச் சொன்னார்: முதலில் உற்சாகம், பிறகு கண்டுகொள்ளாமை, பிறகு எரிச்சல், கடைசியில் பகை. எல்லா ஊரும் இந்த வரிசையில்தான் போகும் என்று நான் நம்பவில்லை. ஆனால் படிகளை வாசலில் வைத்தே அடையாளம் காணலாம். முதல் வருடம் வேன் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். மூன்றாம் வருடம் யாரும் தலை நிமிரவில்லை. ஐந்தாம் வருடம் ஒரு முதியவர் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவுக்குப் பிறகு ஒரு முழுப் பருவம் யாரையும் அழைத்துப் போகவில்லை. தனியாகப் போய் வீடுவீடாகக் கேட்டேன்: தொடரவா, எத்தனை பேர், எந்தெந்த மாதம்? அந்த முதியவர் கேட்டது ஒன்றே ஒன்று. அவருடைய வாசல் வழியாக நடக்காமல் ஓடைப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். நூறடி கூடுதல் நடை, அவ்வளவுதான்.

இப்போது வருடத் தொடக்கத்தில் ஊர்க்காரர்கள்தான் நாட்காட்டியில் குறிக்கிறார்கள். எங்களுக்கான நாட்களுக்குப் பச்சை, வரக்கூடாத நாட்களுக்குச் சிவப்பு. அறுவடை முடிந்த வாரம் முழுக்கச் சிவப்பு. அந்த ஊர்ச் சமையலிலேயே மிகச் சிறந்தது அந்த வாரத்தில்தான் நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னிடம் வருகிற பலரும் அதைத்தான் கேட்கிறார்கள், இரட்டிப்புக் கட்டணம் தருகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். போன வருடம் அந்த அம்மாவுக்கு போன் செய்து, எனக்காக அல்ல, ஒரு தகவலுக்காக, ஒரே ஒரு நாளாவது முடியுமா என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அந்த வாரம் எங்களுக்குச் சமைச்சுக்கிறோம்" என்றார். பின்னால் பிள்ளைகளின் சத்தமும் ஏதோ பொரிகிற சத்தமும் கேட்டது. சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டு, கேட்டிருந்த எட்டுப் பேருக்கும் அடுத்த மாதத் தேதியை எழுதி அனுப்பினேன்.